காடு முன்பணம், கரி தினக்கடன்
(குமுளியில் நடந்த வாசகர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

அவையோருக்கு வணக்கம். ஏலத்தோட்ட வேலை முடிந்து நேரே இங்கு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களுக்குத் தனி வணக்கம்.

புதுப்பிக்கத்தக்க ஆற்றல், புதுப்பிக்க இயலாத ஆற்றல் என்று பள்ளிப் புத்தகம் இரண்டு பத்தி போட்டுக் கொடுத்துவிடுகிறது. வெயிலும் காற்றும் ஆறும் நல்லவை. நிலக்கரியும் பெட்ரோலும் கெட்டவை. பிள்ளைகள் அப்படியே எழுதி மதிப்பெண்ணும் வாங்கிவிடுகிறார்கள். குமுளிக்காரர்களிடம் அதைச் சொல்லிவிட்டு அவ்வளவு சுலபமாகத் தப்பிக்க முடியாது.

தேக்கடியில் படகு ஏறியவர்கள் பார்த்திருப்பீர்கள். ஏரியின் நடுவே பட்ட மரங்கள் கருத்த கட்டைகளாக நிற்கின்றன. அவற்றின் உச்சியில் நீர்க்காகம் இறகை விரித்துக் காய வைக்கிறது. 1895-இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து தண்ணீர் ஏறியபோது மூழ்கிய காடு அது. பாசனத்துக்காகக் கட்டிய அணை. மின்சாரம் பின்னால் வந்த ஆதாயம். மலையைக் குடைந்த சுரங்கம் வழியே வரும் தண்ணீர் மலையடிவாரத்து லோயர் கேம்புக்கு மேலிருந்து ராட்சதக் குழாய்களில் இறங்கி, மின்சாரமாகி, பிறகு கம்பம் வயல்களுக்குப் பாய்கிறது. நிலையத்தை நிறுவியபோது அதன் திறன் 140 மெகாவாட். புகை இல்லை, சாம்பல் இல்லை. ஆனால் காட்டை முன்பணமாகக் கட்டியாகிவிட்டது. (இந்த அணைக்காகத் தமிழ்நாடும் கேரளமும் போடும் சண்டையை இன்று நான் எடுக்கப்போவதில்லை. எடுத்தால் விடிந்துவிடும்.)

முன்பணம் என்ற அந்தச் சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். அணையோ காற்றாலையோ சூரியத் தகடோ, கெடுதலில் பெரும்பங்கைத் தொடக்கத்திலேயே செய்துவிடுகிறது. அதுவும் நம் கண்ணெதிரே. அதனால்தான் நம்மால் சண்டை போட முடிகிறது. கேரளத்தின் சைலண்ட் வேலி காட்டில் வரவிருந்த அணைத் திட்டத்தை 1983-இல் கைவிட வைத்ததும் அப்படிப்பட்ட சண்டைதான்.

நிலக்கரியின் கணக்கு வேறு. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ முக்கால் கிலோ கரி எரிகிறது. நம் நாட்டுக் கரியில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் சாம்பல். தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறதே, அது முழுக்கக் கரியில் வந்ததென்று வைத்துக்கொண்டால், அரை மூட்டை சிமெண்டின் எடைக்குச் சாம்பல் எங்கோ குவிகிறது. எங்கே? ஒடிசாவில் வெட்டிய கரி பாரதீப் துறைமுகத்தில் கப்பலேறித் தூத்துக்குடிக்கு வருகிறது. வெட்டிய பள்ளம் அங்கே, சாம்பல் மேடு இங்கே. எண்ணூரில் சாம்பல் குழம்பு போகும் குழாய்கள் ஒழுகி, கொசஸ்தலை ஆற்றுக் கழிமுகம் மேடேறி, இறால் பிடித்துப் பிழைத்தவர்கள் தெருவுக்கு வந்தார்கள். நீங்கள் விளக்கைப் போடும் ஒவ்வொரு நாளும் இந்தக் கடன் ஏறுகிறது.

கேரளத்தில் நிலக்கரி மின்நிலையமே இல்லை என்று பெருமைப்படும் நண்பர்கள் இங்கே இருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் இந்த மாநிலம் தனக்கு வேண்டிய மின்சாரத்தில் பெரும்பகுதியை வெளியிலிருந்து வாங்குகிறது. வெளிச்சம் இங்கே, புகை ஒடிசாவின் தால்ச்சேரிலும் தெலங்கானாவின் ராமகுண்டத்திலும் உள்ள கரி மின்நிலையங்களில்.

காற்றாலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கம்பம் கணவாய் வழியே ஆடியில் கொட்டும் காற்று ஐப்பசிக்குப் பிறகு படுத்துக்கொள்கிறது. வீசும்போது மிஞ்சுவதைச் சேமிக்க வேண்டும். ஆழியாறு பக்கம் காடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் ஒன்று, மிஞ்சிய மின்சாரத்தில் தண்ணீரை மேலே ஏற்றிவைத்துத் தேவைப்படும்போது இறக்குகிறது. அத்தகையவை நமக்குப் போதாது. காற்று இருந்தும் ஆலைகளை நிறுத்தச் சொல்லும் நாட்கள் வருவது, என்னைக் கேட்டால், வெட்கக்கேடு.

உங்கள் வீட்டுச் சங்கதிக்கு வருகிறேன். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் எதை எரிக்கிறீர்கள்? பெரும்பாலும் விறகு. மரம் மறுபடி முளைக்கும், ஆகவே விறகும் புத்தகக் கணக்கில் புதுப்பிக்கத்தக்கதுதான். ஒரு முறை காய் உலர ஏறத்தாழ ஒரு நாள் முழுக்க அடுப்பு அணையக்கூடாது. வெட்டுகிற வேகத்தில் மரம் வளராவிட்டால், அதுவும் நிலக்கரி போலத் தீர்ந்துபோகிற பண்டமே. ஏலத்துக்கு நிழல் தருகிற மரமே அடுப்புக்குள் போனால் அடுத்த வருஷக் காய்க்கு எங்கே போவது? அடுப்புப் பக்கம் நிற்பவரின் நெஞ்சுக்குள் போகும் புகைக்கு எந்தப் புத்தகத்திலும் பத்தி இல்லை. வெயிலில் காய வைத்தால் பச்சை நிறம் போய்விடும், விலையும் இறங்கிவிடும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன். அதோடு அறுவடை தொடங்குவதே மழைக்காலத்தில். ஆனால் கூரையில் வைத்த சூரியத் தகட்டு மின்சாரத்தில் காற்றோட்ட விசிறியையாவது ஓட்டலாம். வெப்பம் வீணாகாத அடுப்பு வைத்தால் விறகு கணிசமாக மிஞ்சும். பருவநிலை மாற்றத்துக்கான பன்னாட்டுக் குழு 2014-இல் தந்த கணக்குப்படி, ஒரு யூனிட்டுக்குக் கரி 820 கிராம் கரியமில வாயுவுக்கு ஈடாக வெளியிடுகிறது, கூரைத் தகடு 41 கிராம். தகடு செய்யும் தொழிற்சாலைப் புகையும் இந்த 41-இல் அடக்கம்.

இந்த மலையில் இனியொரு காட்டை முன்பணமாகக் கேட்கும் அணை எனக்கு வேண்டாம். இருக்கிற கூரைகள் போதும் என்று தொடங்கலாம் என்பது என் கட்சி. மறுப்பவர்கள் எழுந்து கேளுங்கள். கம்பம் போகிறவர்கள் முதலில் கேட்டுவிடுங்கள், ஜீப் காத்திருக்காது.