வேலையாள் திருடினால் ஏழு ஆண்டு. வேலையாளின் கூலியைப் பிடித்துக்கொண்டால்?

வணக்கம் நேயர்களே. சிவகங்கை மாவட்டத்துக் கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டின் வெளிப்புறத்தில் நின்று பேசுகிறேன். யாருடைய வீடு என்பது இன்றைய பேச்சுக்குத் தேவையில்லை. விமரிசனக் குற்றவியல் என்ற துறை எதைப் பற்றிக் கவலைப்படுகிறது என்பதை விளக்க, இப்படிப்பட்ட ஒரு வீட்டையே எடுத்துக்கொள்ளலாம் என்று தோன்றியது.

இங்குள்ள பல வீடுகள் பங்காளிகளின் பொதுச் சொத்து. திருமணத்துக்கும் முன்னோரை வணங்கும் படைப்புக்கும் திறப்பார்கள். மற்ற நாள்களில் பெருக்கித் துடைத்துக் காவல் காக்க ஒருவரோ இருவரோ இருப்பார்கள். அப்படி ஒரு வீட்டின் இரண்டாம் கட்டிலிருந்து பித்தளை அண்டா ஒன்று காணாமல் போனால், சந்தேகம் முதலில் யார் மேல் விழும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. அதே வீட்டின் தேக்குத் தூண் ஒன்றைப் பங்காளிகளில் ஒருவர் மற்றவர்களுக்குச் சொல்லாமல் காரைக்குடியிலுள்ள பழம்பொருள் கடைக்கு விற்றுவிட்டால், அதை ஊர் திருட்டு என்று சொல்லாது. பங்காளித் தகராறு என்று சொல்லும். பொதுச் சொத்தை நேர்மையற்ற முறையில் எடுத்துக்கொள்வதும் குற்றமாகலாம் என்று சட்டத்தில் இடம் உண்டு. ஆனாலும் காவல் நிலையத்தில் பெரும்பாலும் கிடைக்கும் பதில், ‘இது சிவில் விவகாரம், கோர்ட்டுக்குப் போங்கள்’ என்பதுதான். தூணின் விலையில் எத்தனை அண்டா வாங்கலாம் என்பதை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

இது வெறும் பழக்கத்தால் வந்த பாகுபாடு என்றால் விட்டுவிடலாம். நாட்டின் இன்றைய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவைத் திறந்து பாருங்கள். சாதாரணத் திருட்டுக்கு 303ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை. எழுத்தரோ வேலையாளோ தம் முதலாளியின் வசமுள்ள பொருளைத் திருடினால் 306ஆம் பிரிவு. ஏழு ஆண்டு வரை சிறை. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 381ஆம் பிரிவாக இருந்தது, 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டத்தில் எண் மட்டும் மாறி உட்கார்ந்திருக்கிறது. நம்பி வீட்டுக்குள் விட்டவர் அந்த நம்பிக்கையைக் கெடுத்ததால் தண்டனை கூடுகிறது என்பது வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம். அது நியாயமாகவே இருக்கட்டும். மாதம் முழுவதும் உழைத்துவிட்டு முதல் தேதி சம்பளம் வரும் என்று நம்பியிருந்த வேலையாளின் நம்பிக்கையை முதலாளி கெடுத்தால், அதற்கு ஈடாக அதே சட்டத்தில் ஒரு பிரிவு இருக்க வேண்டும் அல்லவா? இல்லை.

கூலி தொடர்பான குற்றங்களுக்குத் தனிச் சட்டங்கள் இருக்கின்றன. 1948ஆம் ஆண்டின் குறைந்தபட்சக் கூலிச் சட்டம், நிர்ணயித்த கூலியைவிடக் குறைத்துக் கொடுத்தவருக்கு விதித்த தண்டனை ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஐந்நூறு ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்த ஐந்நூறு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஐந்நூறாகவே இருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2019ஆம் ஆண்டின் ஊதியத் தொகுப்புச் சட்டம் அபராதத்தை ஐம்பதாயிரம் வரை உயர்த்தியது. ஆனால் முதல் முறை குறைத்துக் கொடுப்பவருக்குச் சிறைத் தண்டனையை எடுத்துவிட்டது. பதிவேடுகளைச் சரியாக வைக்காதது போன்ற வேறு சில விதிமீறல்களில், வழக்குத் தொடர்வதற்கு முன் தவறைச் சரிசெய்துகொள்ள முதலாளிக்கு எழுத்து மூலம் ஒரு வாய்ப்புத் தர வேண்டும் என்றும் சொல்கிறது. அண்டாவை எடுத்தவருக்கு இப்படி எழுத்து மூலமாக அவகாசம் கொடுத்து யாரும் பார்த்ததில்லை.

விமரிசனக் குற்றவியல் எழுப்பும் கேள்வி இதுதான். ஒருவர் ஏன் குற்றம் செய்தார் என்று கேட்பதற்கு முன்னால், எது குற்றம் என்று முடிவு செய்தவர் யார், அந்த முடிவு யாருக்கு வசதியாக இருக்கிறது என்று அது கேட்கிறது. 1973இல் பிரிட்டனில் இயன் டெய்லர், பால் வால்டன், ஜாக் யங் ஆகிய மூவரும் இந்தக் கேள்வியை ஒரு துறையாகவே நிறுத்தினார்கள். அவர்களுக்கு வெகுகாலம் முன்பே, 1939இல், அமெரிக்கச் சமூகவியலாளர் எட்வின் சதர்லாண்ட் வெள்ளைக் காலர் குற்றங்களை, அதாவது மதிப்பும் பதவியும் உள்ளவர்கள் தம் தொழில்வழியே செய்யும் குற்றங்களைப் பற்றிப் பேசினார். எழுபது பெரிய நிறுவனங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுக்கு எதிராக நீதிமன்றங்களும் ஆணையங்களும் அளித்த 980 தீர்ப்புகளை அவர் எண்ணிக் காட்டினார். 1949இல் அந்த ஆய்வு நூலானபோது பதிப்பகத்தார் கேட்டுக்கொண்டபடி நிறுவனங்களின் பெயர்கள் நீக்கப்பட்டன. பெயர்களோடு முழுமையாக வெளிவந்தது 1983இல்தான். தெருவில் பர்ஸ் அடித்தவரின் பெயரும் படமும் மறுநாள் காலைப் பத்திரிகையில் வந்துவிடுகின்றன என்பதை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

நம் பகுதிக்கே வருவோம். இன்றைய சிவகங்கை மாவட்டம் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தது. அந்த இராமநாதபுரத்தில் 1930 டிசம்பரில் ஆதிக்க சாதியினர் ஒடுக்கப்பட்டோர் மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள் என்று, 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஜே.எச். ஹட்டன் பதிவு செய்திருக்கிறார். பொன், வெள்ளி நகை போடக் கூடாது, சட்டை போடக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது என்று போகிறது அந்தப் பட்டியல். மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, ஆடுமாடுகள் கொள்ளையடிக்கப்பட்டன. அரசின் சட்டப் புத்தகத்தின்படி தீ வைத்தவர்தான் குற்றவாளி. ஊர் வழக்கத்தின்படி குடை பிடித்தவர். அதே காலத்தில் பிரிட்டிஷ் அரசு, 1871இல் பிறந்து 1911இல் சென்னை மாகாணத்துக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டத்தைக் கொண்டு, சில சமூகங்களைப் பிறப்பிலேயே குற்றவாளிகள் என்று அறிவித்துக் கைரேகை எடுத்துக்கொண்டிருந்தது. அதை எதிர்த்த பெருங்காமநல்லூரில் 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூட்டில் பதினாறு பேர் இறந்தார்கள்.

சரி, கைது ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏற்றத்தாழ்வு மிகக் கூர்மையாகத் தெரிவது ஜாமீனில்தான் என்பது என் கருத்து. நீதிபதி ஜாமீன் கொடுத்துவிட்டார். இரண்டு ஜாமீன்தாரர் வேண்டும், அவர்களில் ஒருவர் இரத்த உறவாக இருக்க வேண்டும் என்று உத்தரவில் இருக்கிறது. வீட்டு வரி ரசீது, ஆதார், ரேஷன் அட்டை, சில வேளைகளில் வட்டாட்சியரிடமிருந்து சொத்து மதிப்புச் சான்று. புறம்போக்கில் குடிசை போட்டிருப்பவரின் அண்ணனிடம் எந்த வரி ரசீது இருக்கும்? அதையும் தாண்டி வெளியே வந்தால், தினமும் காலை பத்தரை மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்ற நிபந்தனை காத்திருக்கிறது. ஆத்தங்குடியில் டைல்ஸ் வார்க்கிறவர் காலை எட்டு மணிக்குப் பட்டறையில் இருந்தாக வேண்டும். பத்தரைக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன் என்று எத்தனை நாள் சொல்ல முடியும்? கார் வைத்திருப்பவருக்கு அது அரை மணி நேர வேலை.

உச்ச நீதிமன்றம் இதை அறியாமல் இல்லை. 1978இல் தீர்ப்பான மோதி ராம் வழக்கில் மனுதாரர் ஓர் ஏழைக் கொத்தனார். உச்ச நீதிமன்றமே ஜாமீன் கொடுத்த பிறகும், கீழே இருந்த நடுவர் பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார். அண்ணன் தம்பி உறவில் ஒருவர் முன்வந்தபோது அவருடைய சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறது என்று மறுத்துவிட்டார். நீதிபதி கிருஷ்ண ஐயர் அதை ரத்துசெய்து, ஆயிரம் ரூபாய்க்குச் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டுகள் ஆன பின்னும், 2022ஆம் ஆண்டு இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்களில் நூற்றுக்குச் சுமார் 76 பேர் விசாரணைக் கைதிகள், அதாவது இன்னும் தீர்ப்பு வராதவர்கள்.

‘ஏழை திருடினால் விட்டுவிடலாம் என்கிறீர்களா?’ என்று சிலர் கேட்பார்கள். இல்லை. மேலே சொன்ன ஜாக் யங்கே 1980களில், தெருக் குற்றங்களால் அதிகம் நொறுங்குவது ஏழைகள்தான் என்று தம் பக்கத்தாரோடு வாதாடினார். அந்த வாதத்தில் நான் அவர் கட்சி. புதிய சட்டத்தில் இதற்கு ஒரு வேடிக்கையான சான்று உண்டு. ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் முறை திருடியவர் பொருளைத் திருப்பிக் கொடுத்தால் சமூக சேவைதான் தண்டனை என்பது நல்ல மாற்றம். ஆனால் அந்தக் குற்றம் பிடியாணையின்றிக் கைது செய்ய முடியாத வகையில் சேர்க்கப்பட்டதால், நடுவரின் உத்தரவு இல்லாமல் காவல்துறை அதைப் புலனாய்வு செய்ய இயலாது. காரைக்குடி பேருந்து நிலையத்தில் நாலாயிரம் ரூபாய் செல்போனைப் பறிகொடுத்த சித்தாள் பெண்ணுக்கு அது ஒரு மாதச் சேமிப்பு. சட்டத்துக்கு அது சின்ன விஷயம். விலையை வைத்து அளந்தால் ஏழையின் இழப்பு எப்போதும் சிறியதாகத்தான் தெரியும்.

முடிக்கும் முன் பயன்படும் ஒரு செய்தி. 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், தொழில்துறைத் தொழிலாளர்கள், காவலில் இருப்பவர்கள் ஆகியோர் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவச வழக்கறிஞர் கேட்கலாம். 15100 என்ற எண்ணை அழைக்கலாம். அல்லது உங்கள் ஊர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும் வட்டச் சட்டப் பணிகள் குழுவில் மனு கொடுக்கலாம். வெள்ளைத் தாளில் கையால் எழுதிய மனுவையும் வாங்கிக்கொள்வார்கள்.