நீங்களே செய்துகொள்ளக்கூடிய மொழி: ஃபோர்த்

[திரையில்: 2 3 + .]

இரண்டு, மூன்று, ஒரு கூட்டல் குறி, ஒரு புள்ளி. ஃபோர்த் மொழியில் இது ஒரு முழு புரோகிராம். ஓடவிட்டால் 5 என்று காட்டும்.

கூட்டல் குறி ஏன் பின்னால் வருகிறது? ஃபோர்த்தில் வேலையெல்லாம் ஓர் அடுக்கின் மேல் நடக்கிறது. தட்டு வைப்பதுபோல முதலில் 2 உட்காரும், அதன்மேல் 3. கூட்டல் குறி வந்ததும் மேலே இருக்கும் இரண்டையும் எடுத்து, கூட்டி, விடையைத் திரும்ப வைக்கும். புள்ளி அதை எடுத்துத் திரையில் காட்டும். எந்தக் கணக்கை முதலில் செய்வது என்ற விதியும் இல்லை, அதற்கு அடைப்புக்குறியும் தேவையில்லை.

[திரையில்: : இருமடங்கு 2 * ;]
[திரையில்: 7 இருமடங்கு .]

அடுத்து இது. முக்காற்புள்ளியில் தொடங்கி அரைப்புள்ளியில் முடிகிறது. நடுவில் ஒரு புதுச் சொல். ஆமாம், தமிழில்தான். இரண்டு இடைவெளிகளுக்கு நடுவில் எது இருந்தாலும் ஃபோர்த்துக்கு அது ஒரு சொல். தன் அகராதியில் தேடும், கிடைத்தால் செய்யும். கிடைக்காவிட்டால் எண்ணா என்று பார்க்கும். எண்ணும் இல்லையென்றால் கையை விரித்துவிடும். இலக்கணம் ஏறக்குறைய இவ்வளவுதான். இலவசமாகக் கிடைக்கும் ஜிஃபோர்த் என்ற ஃபோர்த் மென்பொருளில் அடித்துப் பாருங்கள், 14 வரும்.

அகராதியை முதலில் பார்ப்பதால் ஒரு குறும்பும் செய்யலாம்.

[திரையில்: : 2 3 ;]
[திரையில்: 2 2 + .]

2 என்ற சொல்லுக்கு 3 என்று பொருள் கொடுத்துவிட்டோம். விடை 6! மொழி உங்களைத் தடுக்காது. சம்பளம் வாங்கும் இடத்தில் மட்டும் செய்து பார்க்காதீர்கள்.

இதை உருவாக்கியவர் சார்ல்ஸ் மூர். 1960களில் தன் சொந்த வேலைக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டியது. நான்காம் தலைமுறைக் கணினிகளை மனதில் வைத்து, ஆங்கிலத்தில் ‘நான்காவது’ (Fourth) என்றுதான் பெயர் வைக்க நினைத்தார். அது ஆறு எழுத்து. அவர் பயன்படுத்திய ஐபிஎம் 1130 கோப்புப் பெயருக்கு ஐந்து எழுத்துக்கு மேல் ஏற்காது. நடுவிலிருந்த u எழுத்தை வெட்டிவிட்டார். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் கிட் பீக்கில் ஒரு ரேடியோ தொலைநோக்கியை இந்த மொழி இயக்கியது. 1973இல் எலிசபெத் ராதருடன் சேர்ந்து மூர் நிறுவனம் தொடங்கினார்.

சரி, விஷயம் சூடுபிடிப்பது 1978இல். கலிஃபோர்னியாவில் சில ஆர்வலர்கள் ஃபோர்த் இன்ட்ரஸ்ட் குரூப் என்று கூடினார்கள். 6502, 8080 போன்ற சிப்களுக்கு ஃபோர்த்தை எழுதி, முழு மூலநிரலையும் அச்சிட்டு, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். சில கிலோபைட்டில் அடங்கும் மொழி. பொறுமை இருந்தால் ஒருவரே தட்டச்சு செய்து ஓடவைத்துவிடலாம். வைத்தார்கள். அப்புறம் ஆளாளுக்குத் தன் வசதிக்கு மாற்றவும் செய்தார்கள்.

‘ஒரு ஃபோர்த்தைப் பார்த்தவர் ஒரே ஒரு ஃபோர்த்தைத்தான் பார்த்திருக்கிறார்’ என்று ஃபோர்த்காரர்களே சிரித்துக்கொள்வார்கள். தரநிலை கொண்டுவந்தும் சண்டை ஓயவில்லை. 1979இன் தரநிலையில் ‘உண்மை’ என்பதன் மதிப்பு 1. 1983இல் அது -1 ஆனது. தர்க்கரீதியாக அதுதான் சரி, கணினிக்குள் -1ஐ இரும எண்ணாக எழுதினால் எல்லா பிட்டும் 1 ஆக இருக்கும். ஆனால் பழைய 1ஐ நம்பி எழுதிய நிரல்களின் கதி? அமெரிக்கத் தேசியத் தரநிலை வருவதற்கு 1994 ஆகிவிட்டது. இந்த மொழி பெரிதாகப் பரவாததற்கு, என்னைக் கேட்டால், அடுக்கின் விநோதத்தைவிட இந்தப் பிரிவுதான் காரணம். தனக்கென்று ஒன்றைச் செய்துகொள்வது இத்தனை சுலபமாக இருந்தால், அடுத்தவருடையதோடு யார் ஒத்துப்போவார்கள்?

அதே சுலபம்தான் இதை எதிர்பாராத இடங்களில் கொண்டுபோய் வைத்தது. சன் கணினிகளிலும் பவர்பிசி காலத்து மேக்கின்டாஷ்களிலும் மின்சாரம் வந்ததும் விழித்துக்கொண்ட ஓபன் ஃபர்ம்வேர் என்ற தொடக்க மென்பொருள், ஃபோர்த்தை அடிப்படையாகக் கொண்டது. விரிவாக்க அட்டை, தன்னை இயக்கும் மென்பொருளான டிரைவரை ஃபோர்த்தின் சுருக்கக் குறியீடாகச் சுமந்து வரும். உள்ளே எந்தப் பிராசஸர் இருந்தாலும் அது ஓடும்.

[திரையில்: வால்நட்சத்திரம் 67பி]

2014 நவம்பர் 12 அன்று இந்த வால்நட்சத்திரத்தில் ஃபிலே என்ற விண்கலம் இறங்கியது. அதைக் கட்டுப்படுத்திய ஆர்டிஎக்ஸ்2010 சிப்புகளின் இயந்திர மொழியே கிட்டத்தட்ட ஃபோர்த்தான். முதலில் பார்த்தோமே, தட்டு அடுக்கு? அந்தச் சிப்பில் அப்படி இரண்டு, ஒவ்வொன்றும் 256 தட்டு ஆழத்தில், சிலிக்கனிலேயே செதுக்கப்பட்டிருக்கின்றன.