முகமும் குரலும்: இருவர் சேர்ந்து எடுக்கும் படம்

நேயர்களுக்கு வணக்கம். ஒருவரின் உருவப்படத்தையும் குரலையும் அவரோடு சேர்ந்தே பதிவது எப்படி என்று இன்று பார்ப்போம். பதிவான தன் குரலைக் கேட்டு, "ஐயோ, இது நானா?" என்று கூசாதவர்கள் குறைவு. பேசும்போது நம் குரல் காற்று வழியாக மட்டுமல்ல, மண்டையோட்டு எலும்பு வழியாகவும் காதுக்குள் போகிறது. எலும்பு தரும் அந்தக் கனம் பதிவில் இருக்காது. முகத்துக்கும் இதே கதைதான். கண்ணாடியில் நாம் பழகியது இடவலம் மாறிய முகம். 1977இல் வெளியான ஓர் ஆய்வில், பெரும்பாலோர் தங்கள் முகத்தின் கண்ணாடி வடிவத்தைத்தான் விரும்பினார்கள். நெருங்கியவர்களோ நேர் வடிவத்தை விரும்பினார்கள்.

ஆக, கேமராவுக்கு முன்னால் இருப்பவர் அறிந்த முகம் ஒன்று, பின்னால் இருப்பவர் பார்க்கும் முகம் இன்னொன்று. அதனால் படமெடுக்கும் பொத்தானை முன்னால் இருப்பவர் கையிலேயே கொடுங்கள். ஆண்டனி லுவேரா என்ற கலைஞர், லண்டனில் வீடற்றவர்களோடு செய்த உருவப்படங்களில் இதைத்தான் செய்தார். கேமரா முக்காலியில் நிற்கட்டும், ரிமோட் படத்தில் வருபவரிடம் இருக்கட்டும். ஒன்றரை மீட்டராவது தள்ளி வையுங்கள். செல்போனை முகத்தருகே நீட்டினால் மூக்கு பெருத்து, காது பின்வாங்கிவிடும்.

படத்துக்கு முன் குரலைப் பதியுங்கள். பேசிப் பேசி முகம் தானாகத் தளரும். மைக் வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் இருக்கட்டும்; நேராக வைத்தால் பகரம் வரும் இடமெல்லாம் மூச்சு வெடிக்கும். பதிவுக் கருவியின் அளவுகாட்டியில் ஒலியளவின் உச்சம் மைனஸ் 12 டெசிபல் அளவில் நின்றால் போதும். அதன் எல்லையான பூஜ்யத்தைத் தொட்டால் ஒலி சிதையும், பிறகு சரிசெய்வது கடினம். மின்விசிறி, குளிர்சாதனப் பெட்டி இரண்டையும் அணையுங்கள். (பெட்டியை மறுபடி போட மறக்காதீர்கள்!) அவர் பேசும்போது "ம்ம்" கொட்டாதீர்கள், தலையசையுங்கள். உங்கள் "ம்ம்" அவர் சொல்லின் மேல் ஏறிக்கொண்டால் பிரிக்க முடியாது.

இன்னொன்று, இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது: யாரும் பேசாத அறையின் ஒலியை ஒரு நிமிடம் பதியுங்கள். ஒவ்வொரு அறைக்கும் தனி இரைச்சல் உண்டு. பேச்சை வெட்டி ஒட்டும் இடத்தில் வெறும் நிசப்தம் வைத்தால், கேட்பவர் காதில் பள்ளம் விழும். அந்த ஒரு நிமிடம்தான் பள்ளத்தை நிரப்பும். பேச்சு முடிந்ததும், எழுந்திருக்கும் முன், ஒரே ஒரு நிமிடம்.

நேரம் நெருங்கிவிட்டது, அனுமதியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். படத்துக்கும் குரலுக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். முகத்தை மறைத்தாலும் குரலே ஆளைக் காட்டிக்கொடுக்கும். எங்கே வெளியிடுவீர்கள், பின்னர் வேண்டாம் என்றால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதை எழுதிக் கொடுங்கள். வணக்கம்.