ஆடி மழையும் மனசும்

பெரியோர்களே, தாய்மார்களே, வணக்கம்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் ஜூனில் தென்மேற்குப் பருவமழை. அது ஓய்ந்து மூச்சு விடுவதற்குள் அக்டோபரில் வடகிழக்கு. அதனால் வர்ஷ ருது, அதாவது மழைக்காலம் பற்றி ஆயுர்வேதம் சொல்வது மற்ற மாவட்டத்தாரைவிட நமக்குக் கூடுதலாகவே பொருந்தும்.

மழைக்காலத்தில் வயிற்றின் அக்னி, அதாவது செரிமான சக்தி, மந்தமாகும், வாதம் கூடும் என்கிறது அந்த மருத்துவம். வாதம் என்றாலே நமக்கு மூட்டுவலிதான் நினைவுக்கு வரும். ஆனால் தூக்கம் கெடுவது, காரணமில்லாத பயம், ஒரு இடத்தில் நிற்காத எண்ணம், இவையும் வாதத்தின் வேலைதான் என்று வைத்தியர்கள் சொல்வார்கள்.

நம் ஊர் நிலைமையைப் பாருங்கள். குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். மலையோரத்தில் மழை விடாவிட்டால் ரப்பர் பால்வெட்டு நடக்காது. கையில் காசில்லை, வேலையுமில்லை. மனிதர் வீட்டில் சிடுசிடுவென்று இருப்பார். நாமும் ‘அவர் குணமே அப்படித்தான்’ என்று விட்டுவிடுகிறோம். அது குணமல்ல, கவலை. உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் வேண்டும்.

பகல் தூக்கம் மழைக்காலத்துக்கு ஆகாது என்று வாக்படர் எழுதிய பழைய ஆயுர்வேத நூலான அஷ்டாங்க ஹிருதயம் தெளிவாகச் சொல்கிறது. வேலையில்லாத நாளில் மத்தியானம் போர்த்திக்கொண்டு படுத்தால், ராத்திரி இரண்டு மணிக்கு விழித்துக் கடன் கணக்குத்தான் போடுவோம்! எண்ணெய் தேய்ப்பதற்கும் அதே நூலில் வழி இருக்கிறது: தலை, காது, பாதம், இந்த மூன்றையும் விடக்கூடாது. அப்புறம் நம் ஆடிக்கஞ்சி. ஞவரை என்கிற மருத்துவ குணமுள்ள அரிசி, வெந்தயம், சீரகம், தேங்காய்ப்பால் சேர்த்துச் சூடாக, அளவாகக் குடியுங்கள். சர்க்கரை நோய் உள்ளவர்கள் வைத்தியரைக் கேட்டுவிட்டுக் குடிப்பது நல்லது.

மனதின் நோய்க்கு அறிவு, தைரியம், தன்னை அறிதல் ஆகியவையே சிறந்த மருந்து என்கிறார் வாக்படர். சரி, தைரியமே போய்விட்டவர் என்ன செய்வார்? அவரிடம் ‘தைரியமாக இரு’ என்று சொல்வது கொடுமை. துக்கம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், சாப்பாடும் தூக்கமும் விட்டுப்போனால், மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அரசின் மனநல உதவி எண்ணான 14416-ஐ அழைத்தால் பணம் வாங்காமல் தமிழிலேயே பேசுவார்கள். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதை நிறுத்திவிட்டு லேகியத்துக்கு மாறவே கூடாது. நாகர்கோவில் கோட்டாறில் அரசு ஆயுர்வேத மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே போகும்போது அந்த மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.