ஏணி இல்லாமல் மரம் ஏறுவது: எதை வீட்டிலேயே செய்யலாம், எதைச் செய்யக் கூடாது

[திரையில்: மாமரத்தின் அடிமரம், பக்கத்தில் சுருட்டி வைத்த கயிறு]

வணக்கம். அமெரிக்காவில் வில்லோடு மான் வேட்டைக்குப் போகிறவர்கள் 15 முதல் 20 அடி உயரத்தில் மரத்தில் மணிக்கணக்காகக் காத்திருப்பார்கள். அதற்காக முன்பெல்லாம் 8, 9 கிலோ எடையுள்ள இரும்பு, அலுமினிய இருக்கையை முதுகில் சுமந்து காட்டுக்குள் நடந்தார்கள். இப்போது பலர் அதை விட்டுவிட்டு, கயிறும் பட்டையும் மட்டுமே கொண்ட 'சேடில்' முறைக்கு மாறிவிட்டார்கள். இடுப்பைச் சுற்றி ஒரு தொங்கு பட்டை, மரத்தைச் சுற்றி ஒரு கயிறு, கால் வைக்கச் சில படிகள். படிகளைச் சிலர் வீட்டிலேயே செய்துகொள்கிறார்கள்.

நமக்கு வேட்டை கிடையாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுத்துவிட்டது, அது சரிதான். அந்தச் சட்டத்தில் பலருக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: காட்டுப் பறவைகளின் கூட்டையோ முட்டையையோ கலைப்பதும் 'வேட்டை' என்ற வரையறைக்குள்தான் வருகிறது. படம் எடுக்க மரம் ஏறும் நண்பர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். ஆனால் ஏறும் வித்தை நமக்கும் பயன்படும். சென்னையில் மாமரக் கிளை கழிக்க வேண்டும், தேங்காய் பறிக்க வேண்டும், புயலுக்கு முன்னால் வீட்டு மேல் சாய்ந்த கொப்பை இறக்க வேண்டும். ஏறத் தெரிந்த ஆள் கிடைப்பது வருஷத்துக்கு வருஷம் குறைகிறது.

[திரையில்: பனையேறியின் கால்கள், தளைநார்]

முதலில் நம் ஊர் முறையைப் பார்ப்போம். பனையேறி இரண்டு காலுக்கும் நடுவே தளைநாரை, அதாவது நாரால் செய்த வளையத்தை, மாட்டுகிறார். எடை பாதத்தில் இறங்கும்போது கால்கள் விலகப் பார்க்கும். நார் விலக விடாது. அதனால் உள்ளங்கால் இரண்டும் மரத்தை இரு பக்கமும் நெருக்கிப் பிடிக்கின்றன. எடை எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு பிடிப்பு. ஆணி இல்லை, இரும்பு இல்லை, மரத்துக்குக் காயமும் இல்லை. எடை குறைவான எந்த ஏறும் முறையை எடுத்தாலும் அடியில் இந்த ஒரே சங்கதிதான் இருக்கிறது: உடம்பின் எடையே பிடிப்பாக மாறுவது.

அமெரிக்க வேட்டைக்காரரின் கயிற்றுப் படியும் அப்படித்தான். கனமான கயிற்றை வளையமாக்கி, மரத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, வளையத்துக்குள்ளேயே நுழைத்து இழுத்தால் அது மரத்தை நெரித்துக்கொள்ளும். தொங்கும் முனையில் காலை வைத்தால் இன்னும் இறுகும். கயிறு மேல் ஏறுவதற்கான புருசிக் முடிச்சும் இதே சங்கதிதான். ஆஸ்திரிய மலையேறி கார்ல் புருசிக் 1931இல் அதை எழுதி வெளியிட்டார். தடித்த கயிற்றின் மேல் மெல்லிய கயிற்று வளையத்தை மூன்று சுற்று சுற்றினால், எடை இறங்கும்போது பிடிக்கும், எடையை எடுத்தால் நகரும்.

இதிலேயே ஆபத்தும் இருக்கிறது. எடை இல்லாதபோது பிடிப்பும் இல்லை. ஒரு காலைத் தூக்கி அடுத்த படிக்கு மாற்றும் அந்த இரண்டு நொடியில்தான் விழுகிறார்கள். உச்சியில் உட்கார்ந்திருக்கும்போது விழுபவர்களைவிட, ஏறும்போதும் இறங்கும்போதும் விழுபவர்கள்தான் அதிகம். நம் பனையேறிகள் தலைமுறை தலைமுறையாக இடுப்புக் கயிறு இல்லாமல் ஏறி, தண்டுவடம் முறிந்து படுத்தவர்கள் எத்தனையோ. அவர்களின் திறமையை எவ்வளவு மதித்தாலும் போதாது. ஆனால் அந்தக் குறையைப் பெருமை என்று பேசுவதை நான் ஏற்க மாட்டேன்.

அதனால் என் கணக்கு இது. கால் வைக்கும் பொருளை வீட்டில் செய்யலாம். உயிர் தொங்கும் பொருளைச் செய்யக் கூடாது, வாங்க வேண்டும்.

[திரையில்: வெப்பிங் பட்டை, தோட்டக் குழாய், கத்தரிக்கோல்]

சரி, கால் படி எப்படிச் செய்வது? ஒரு அங்குல அகல நைலான் வெப்பிங், அதாவது தட்டையாக நெய்த பட்டை, போதும். அதில் ஒன்றரை அடிக்கு ஒன்றாக இரண்டு, மூன்று வளையம் முடிந்துகொள்ளுங்கள். முடிச்சுக்கு வெளியே வால் நான்கு விரல் அகலமாவது நீட்டிக்கொண்டிருக்க வேண்டும், ஏனென்றால் பட்டை முடிச்சு மெல்ல மெல்ல நழுவும். ஒவ்வொரு முறை ஏறும் முன்பும் அந்த வாலைப் பாருங்கள். வளையம் தொய்ந்து மூடிக்கொண்டால் காலை நுழைப்பதே பாடாகிவிடும். அதற்கு வழி, செடிக்குத் தண்ணீர் விடும் குழாயை ஒரு சாண் வெட்டி, முடிச்சுப் போடுவதற்கு முன்னால் பட்டையில் கோத்துவிடுவது. வளையம் எப்போதும் வாய் திறந்தே இருக்கும்.

இப்படி இரண்டு படி இருந்தால் பத்துப் படிகளைச் சுமக்க வேண்டியதில்லை. மேல் படியில் நின்று, பாதுகாப்புக் கயிற்றில் சாய்ந்து, கீழ்ப் படியை அவிழ்த்து மேலே கட்ட வேண்டும். வேட்டைக்காரர்கள் ஒரே ஒரு உலோகப் படியை இப்படி மாற்றி மாற்றி ஏறி உச்சிக்குப் போய்விடுகிறார்கள். மெதுவாகத்தான் போகும், ஆனால் தோளில் பாரம் இல்லை.

சொரசொரப்பான பட்டை உள்ள வேம்பு, தூங்குமூஞ்சி, மா ஆகியவற்றில் இந்தப் படி நன்றாக நிற்கும். கொய்யா, யூகலிப்டஸ் போன்ற வழவழப்பான மரத்தில் இரண்டு சுற்றுப் போட்டாலும் சறுக்கும். முருங்கையில் ஏறவே ஏறாதீர்கள்.

[திரையில்: மரத்தை நெரித்துக் கட்டிய பாதுகாப்புக் கயிறு]

இப்போது உயிர்க் கயிறு. இங்கேதான் கொஞ்சம் நிதானமாகக் கேட்க வேண்டும். மின்கம்பம் ஏறுபவர் போல மரத்தைச் சுற்றி இடுப்புக் கயிறு போட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். கிளை இல்லாத மரத்தில் கால் நழுவினால் அந்தக் கயிறும் உங்களோடு சேர்ந்து கீழே வழுக்கும். மரத்தை நெரிக்கும்படி கட்டிய தனிக் கயிறு ஒன்று தலைக்கு மேலே இருக்க வேண்டும், ஏற ஏற அதை மேலே தள்ளிக்கொண்டே போக வேண்டும். கயிற்றில் தொய்வே கூடாது. நீளாத கயிற்றில் அரை மீட்டர் விழுந்தாலே உடம்பில் பல நூறு கிலோ அளவுக்கு விசை இறங்கும்.

டைனீமா என்ற பிளாஸ்டிக் இழைக் கயிறு இரும்பைவிட எடைக்கு எடை பலமானது, தண்ணீரில் மிதக்கும், அதனால் எல்லோருக்கும் அதன் மேல் ஆசை. கால் படிக்கு அது சரி. விழுந்தால் தாங்கும் கயிறாக அது சரிப்படாது. கொஞ்சமும் நீளாது, வழுக்கும், 150 டிகிரி செல்சியஸ் அளவிலேயே உருகிவிடும், முடிச்சுப் போட்டால் பலம் வெகுவாகக் குறையும். காசிமேட்டில் கிடைக்கும் மீன்பிடிக் கயிறும் வேண்டாம். அது விலை மலிவுதான், ஆனால் அதில் பெரும்பகுதி பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். நம்ம ஊர் வெயில் அதை மெல்ல மெல்லத் தின்றுவிடும்.

வாங்க வேண்டியது 11 மில்லிமீட்டர் உறைபோட்ட கயிறு, அதன் மேல் ஈ.என். 1891 என்ற ஐரோப்பியத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். பாரிமுனைப் பக்கம் தொழிற்பாதுகாப்புச் சாமான் விற்கும் கடைகளில் விசாரியுங்கள். ஹார்னஸும், அதாவது உடம்பில் மாட்டிக்கொள்ளும் பாதுகாப்புப் பட்டையும், அங்கே கேட்கலாம், ஐ.எஸ். 3521 என்ற இந்தியத் தர முத்திரையைப் பாருங்கள். முதுகில் மட்டும் வளையம் உள்ள கட்டட வேலை ஹார்னஸ் இதற்கு ஆகாது. அது விழுந்தவரைத் தாங்கும், ஆனால் அதில் உட்கார்ந்து வேலை செய்ய முடியாது. இடுப்பின் இரு பக்கமும் வளையம், முன்னால் ஒரு வளையம் இருப்பதாகக் கேளுங்கள்.

அடிமரத்தைத் தொடாமலே ஏறவும் ஒரு வழி உண்டு. சின்ன மணல் பையை மெல்லிய நூலில் கட்டி கிளைக்கு மேல் எறிந்து, அதன் வழியே கயிற்றை இழுத்துவிட வேண்டும். கிளை உயிரோடு இருக்க வேண்டும், குறைந்தது 4 அங்குலப் பருமன் வேண்டும், கயிறு அடிமரத்தை ஒட்டி விழ வேண்டும். ஏறும் முன் இரண்டு பேர் சேர்ந்து தொங்கிப் பாருங்கள். அப்புறம் இரண்டு புருசிக் வளையம், ஒன்று இடுப்புக்கு, ஒன்று காலுக்கு. உட்கார், எழு, உட்கார், எழு. சோர்வு வரும், ஆனால் ஒரு நொடிகூடக் கயிற்றை விட்டு விலக மாட்டீர்கள். எனக்கு இந்த முறைதான் பிடிக்கும்.

மரத்துக்கு ஆணி அடிப்பதும் துளை போட்டு போல்ட் செருகுவதும் வேண்டாம். அந்தத் துளை வழியே பூஞ்சை இறங்கி உள்மரத்தை மக்க வைக்கும், வெளியே ஒன்றும் தெரியாது.

ஏறும் முன் வேரைப் பாருங்கள். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை எத்தனை மரங்களை இழந்தது என்பது நமக்கு நினைவிருக்கிறது. வடிகாலுக்கும் கேபிளுக்கும் பள்ளம் தோண்டி ஒரு பக்க வேரை வெட்டிய மரம் நின்றுகொண்டுதான் இருக்கும், ஆனால் நம்ப முடியாது. மின்கம்பி கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால் அன்றைக்கு ஏற வேண்டாம், மின்வாரியத்துக்குச் சொல்லுங்கள். முசுறு எறும்பும் குளவிக் கூடும் கீழே இருந்து பார்த்தால் தெரியும், இரண்டு நிமிஷம் ஒதுக்கிப் பாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பாசி பிடித்த மரத்தை விட்டுவிடுங்கள்.

[திரையில்: கீழே நிற்பவர், மேலே தொங்குபவர்]

தனியாக ஏறாதீர்கள். ஹார்னஸில் அசையாமல் தொங்கினால் காலில் ரத்தம் தேங்கி மயக்கம் வரும். அதற்காகவே கால் படி ஒன்றை எப்போதும் இடுப்பில் மாட்டி வைத்திருங்கள். தொங்க நேர்ந்தால் அதில் ஏறி நின்று காலை அசைக்கலாம்.

இறங்கும்போது புருசிக்கைப் பிடித்துச் சர்ரென்று வழுக்க வேண்டாம், நைலான் சூடாகி உருகும். ஏறிய மாதிரியே ஒவ்வொரு படியாக, கயிற்றைத் தளரவிடாமல் இறங்குங்கள். இரண்டு காலும் தரையில் பட்ட பிறகே கேரபினரை, அதாவது கயிற்றையும் ஹார்னஸையும் இணைக்கும் கொக்கியை, திறக்க வேண்டும். பிறகு கயிற்றை விரலால் முழு நீளமும் தடவிப் பார்த்து, உறை கிழிந்த இடமோ கட்டியாக இறுகிய இடமோ தட்டுப்பட்டால் அந்தக் கயிற்றைத் துண்டு துண்டாக வெட்டிப் போடுங்கள், வேறு யாரும் எடுத்துப் பயன்படுத்தாதபடி.