ஆளுக்கொரு குரல்

நேயர்களுக்கு வணக்கம்.

ஐம்பது பேர் சேர்ந்து பாடும் குழுவில் நின்று பாடியவர்களுக்கு ஒரு சௌகரியம் தெரிந்திருக்கும். மூச்சு முட்டினால் நடுவில் ஒரு கணம் நிறுத்திக்கொள்ளலாம், பக்கத்தில் இருப்பவர் பாடிக்கொண்டிருப்பார். சுருதி கொஞ்சம் இறங்கினாலும் கூட்டத்தில் கரைந்துவிடும். நான் பல வருடங்கள் அப்படித்தான் பாடினேன். அப்புறம் ஒருமுறை நான்கு பேர் மட்டும், ஆளுக்கொரு குரலாகப் பாட வேண்டி வந்தது. முதல் வரி முடிவதற்குள்ளேயே புரிந்துவிட்டது. நான் ‘ஆ’ என்று வாயைத் திறக்கும் விதமும் பக்கத்தில் நிற்பவர் திறக்கும் விதமும் வேறு வேறு. சுருதி சரியாக இருந்தும் குரல்கள் ஒட்டவில்லை. அன்று சாயந்திரம் முழுக்க அந்த ஒரு ‘ஆ’வையே பாடிக்கொண்டிருந்தோம்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். சின்னத் தொழில்முறைக் குரலிசைக் குழு ஒன்றின் இசைத்தட்டு கையில் கிடைத்தால், பாடுகிறவர்கள் யார், சிறுவயதில் எங்கே பாடினார்கள், வேறு என்ன வேலை பார்த்தார்கள் என்றுதான் முதலில் தேடுவேன். அந்தக் குழுவின் ஓசையில் பாதி அங்கேயே இருக்கிறது.

இங்கிலாந்தின் கிங்ஸ் சிங்கர்ஸ் குழுவை எடுத்துக்கொள்வோம். 1968 மே 1ஆம் தேதி லண்டன் குவீன் எலிசபெத் ஹாலில் அவர்களுடைய முதல் பெரிய கச்சேரி நடந்தது. ஆறே ஆண்கள், பக்கவாத்தியம் கிடையாது. இரண்டு கவுண்டர் டெனர், அதாவது பெண்குரல் உயரத்தில் பாடும் ஆண்கள். அதற்குக் கீழே ஒரு டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்), இரண்டு பாரிடோன் (நடுக்குரல்), அடியில் ஒரு பேஸ் (கனத்த கீழ்க்குரல்). யாரும் திட்டம் போட்டு அமைத்த கணக்கு இல்லை இது. அப்போதிருந்த நண்பர்களின் குரல்கள் அப்படி அமைந்திருந்தன. ஆட்கள் மாறி மாறி வந்தும் அந்தக் கணக்கு இன்றுவரை மாறவில்லை.

1970களில் பாடிய ஆறு பேரில் ஐந்து பேர் கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரியில் படித்தவர்கள். ஆன்டனி ஹோல்ட் ஒருவர் மட்டும் ஆக்ஸ்ஃபோர்டின் கிரைஸ்ட் சர்ச் கல்லூரியிலிருந்து வந்தவர். கிங்ஸ் கல்லூரி தேவாலயத்தின் பாடகர் குழுவில் 16 சிறுவர்கள் மேல்குரல் பாடுவார்கள், கீழ்க்குரல்களைக் கல்லூரி மாணவர்கள் பாடுவார்கள். கல்லூரி நடக்கும் மாதங்களில் அநேகமாகத் தினமும் மாலை ஆராதனை உண்டு. இன்றைக்குப் பாடியது நாளைக்கு வராது. புதுத் தாள் வரும், கொஞ்ச நேரம் ஒத்திகை, உடனே பாட வேண்டும். இப்படி ஒரு வருடம் ஓடினாலே இசைத்தாளைப் பார்த்த மாத்திரத்தில் பாடுவது நாளிதழ் வாசிப்பதுபோல ஆகிவிடும். அந்தக் கல்கூரையின் கீழே ஒரு சுரம் நின்ற பிறகும் அதன் ஓசை சில விநாடிகள் தங்கும். ஒரே ஒருவர் தாமதமாக முடித்தாலும் எல்லார் காதுக்கும் தெரியும். எனவே சேர்ந்து தொடங்குவதைவிட, சேர்ந்து முடிப்பதை அவர்கள் முதலில் கற்றுவிடுகிறார்கள்.

இந்த இடத்தில் சுருதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பியானோவில் சட்ஜத்தையும் காந்தாரத்தையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். அந்தக் காந்தாரம் இயற்கையான காந்தாரத்தைவிடச் சற்று ஏறியிருக்கும். பக்கத்துப் பக்கத்துக் கட்டைகள் இரண்டுக்கும் நடுவே உள்ள தூரத்தை நூறு பங்காகப் பிரித்தால், ஏறக்குறைய 14 பங்கு அதிகம். பன்னிரண்டு கட்டைகளுக்கும் சமமாகப் பங்கு வைத்ததால் வந்த வினை. பக்கவாத்தியம் இல்லாமல் பாடுகிறவர்களுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. காந்தாரம் பாடுகிறவர் அந்த 14 பங்கை இறக்கினால் சுரங்கள் ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும். தம்பூரா நன்றாகச் சேர்ந்திருக்கும்போது யாரும் மீட்டாத ஒரு காந்தாரம் காதில் கேட்குமே, அதே காந்தாரம்தான். ஆனால் அடுத்த சொல்லிலேயே அவருடைய சுரம் பஞ்சமமாக மாறலாம், அப்போது இறக்கினால் அபசுரம். எப்போது இறக்குவது என்று கையசைத்துச் சொல்ல யாரும் முன்னால் நிற்பதில்லை. பக்கத்தில் இருப்பவரின் மூச்சையும் உதட்டையும் கவனித்துத்தான் பாட வேண்டும்.

முதல் ஆறு பேரில் சைமன் காரிங்டன், அலஸ்டேர் ஹியூம் இருவரும் டபுள் பேஸ், அதாவது வயலின் குடும்பத்தில் ஆளுயரம் இருக்கும் கீழ்க்குரல் வாத்தியம் வாசித்தவர்கள். எனக்கு இது சாதாரண விஷயமாகத் தோன்றவில்லை. இசையின் அடித்தளத்தில் நின்று வாசித்தவருக்கு மேலே நடப்பதெல்லாம் கீழிருந்து கேட்டுப் பழகியிருக்கும். இருவரும் 25 வருடங்கள் அந்தக் குழுவில் பாடினார்கள்.

இதற்கு நேர் எதிர்த் திசையிலிருந்து வந்தவர்கள் ஸ்விங்கிள் சிங்கர்ஸ். 1962இல் பாரிஸில் ஒலிப்பதிவுக் கூடங்களில் பிறருக்குப் பின்குரல் கொடுத்துப் பிழைத்துவந்த பாடகர்களை அமெரிக்கரான வார்ட் ஸ்விங்கிள் ஒன்றுசேர்த்தார். தாள் பார்த்துப் பாடும் பயிற்சிக்காக ஜெர்மானிய இசையமைப்பாளர் பாஹின் விசைப்பலகை இசையை எடுத்துப் பாடத் தொடங்கினார்கள், அதுவே அவர்களுடைய பாணியாகிவிட்டது. மைக்குக்குப் பக்கத்தில் நின்று பழகிய குரல்கள் அவை, கத்தவே வேண்டாம். பேராலயத்தில் வளர்ந்த குரலையும் மைக்கோடு வளர்ந்த குரலையும் அடுத்தடுத்துக் கேட்டால் ஒரு குழந்தைகூட வித்தியாசம் சொல்லிவிடும்.

சரி, பெண்கள் எங்கே? இந்தக் கேள்வி என்னை நிறைய நாள் உறுத்தியது. இங்கிலாந்தின் பேராலயங்களில் சிறுவர்களை மட்டுமே சேர்த்துக்கொள்வது நூற்றாண்டுக் கணக்கில் வழக்கம். 1991இல் சால்ஸ்பரி பேராலயம் சிறுமிகளுக்கென்று ஒரு பாடகர் குழு தொடங்கியது பெரிய திருப்பம். அதுவரை அந்தத் தினசரிப் பயிற்சி ஒரு பெண்குழந்தைக்குக் கிடைப்பது அரிதாகவே இருந்தது. எத்தனை நல்ல குரல்கள் அப்படியே போயிருக்கும் என்று நினைத்தால் வருத்தமாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் நியூயார்க்கின் அனானிமஸ் 4 குழு எனக்கு அவ்வளவு பிடிக்கும். 1986இல் நான்கு பெண்கள் ஒன்றாக உட்கார்ந்து, ஆண்கள் பாடியே கேட்டுப் பழகிய இடைக்காலத் தேவாலய இசை பெண்குரலில் எப்படி இருக்கும் என்று பாடிப் பார்த்தார்கள். சூசன் ஹெல்லவர் டிரம்பெட் வாசித்துக்கொண்டிருந்தவர், பிறகு இடைக்கால இசை ஆய்வுக்கு வந்தார். மார்ஷா ஜெனென்ஸ்கி நாட்டுப்புறப் பாடல்களைப் படித்தும் பாடியும் வந்தவர். ரூத் கன்னிங்ஹாம் பழங்காலப் புல்லாங்குழல் வாசித்தவர். அந்த மூவரோடு ஜொஹானா ரோஸ். பேராலயச் சிறுவனின் பாதை இவர்களில் ஒருவருக்கும் இல்லை. வேறு வேறு இடங்களிலிருந்து வந்ததால், ஒரே குரல்போலப் பாடுவதை உட்கார்ந்து, கேட்டு, திருத்திக் கட்ட வேண்டியிருந்தது. அவர்கள் ஒரே சுரத்தில் சேர்ந்து நிற்கும்போது அந்த உழைப்பு எனக்குக் கேட்கிறது.

ஒருவர் விலகினால் இந்தக் குழுக்கள் என்ன செய்யும்? எல்லாரையும்விட அழகான குரலைத் தேடினால் தோற்றுப்போவார்கள். மீதிப் பேரோடு ஒட்டும் குரல் வேண்டும், வருடத்தில் பல மாதம் ஒன்றாகப் பயணம் போகக்கூடிய ஆளாகவும் இருக்க வேண்டும். கிங்ஸ் சிங்கர்ஸில் பாரிடோன் பாடிய கேப்ரியல் கிரவுச், லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் அபே தேவாலயத்தில் எட்டு வயதிலேயே பாடத் தொடங்கியவர். 2004இல் அவர் விலகியபோது அந்த இடத்துக்கு வந்தவர் கிறிஸ்டோபர் கேபிடாஸ். வழக்கறிஞர் வேலையை விட்டுவிட்டு வந்தார். 2012இல் சேர்ந்த கிறிஸ்டோபர் புரூர்டன் நியூசிலாந்துக்காரர்.

1974இல் தொடங்கிய ஹில்லியர்ட் என்செம்பிள் குழுவிலும் இப்படி ஆட்கள் மாறினார்கள். கவுண்டர் டெனர் டேவிட் ஜேம்ஸ் மட்டும் தொடக்கத்திலிருந்து நின்றார். 40 வருடங்கள் கழித்து, 2014 டிசம்பர் 20ஆம் தேதி லண்டன் விக்மோர் ஹாலில் அந்தக் குழு கடைசியாகப் பாடியபோதும் மேல்குரல் அவருடையதுதான்.