ஒரு மூட்டை பாட்டில் மூடி

எல்லாருக்கும் வணக்கம். அழைப்பிதழில் 'ஆப்பிரிக்கக் கலை' என்று பெரிதாகப் போட்டுவிட்டார்கள். அத்தனை நாட்டையும் அரை மணியில் சுற்றிவர என்னால் ஆகாது, அதனால் ஒரே ஒரு ஆளைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். எல் அனட்சுய். 1944-ல் கானாவின் அன்யாகோவில் பிறந்தவர், 1975-லிருந்து நைஜீரியாவில் நுசுக்கா பல்கலைக்கழகத்தில் சிற்பம் சொல்லிக்கொடுத்தவர்.

கல்லூரியில் படித்தது ஐரோப்பியப் பாடம். வெளியே வந்ததும் எடுத்தது, சந்தையில் பண்டம் பரப்பி விற்கிற வட்ட மரத்தட்டு. காய்ச்சிய இரும்புக் கம்பியால் அதில் அடிங்க்ரா குறிகளை, அதாவது கானாவில் துணியில் அச்சிடுகிற பொருள் பொதிந்த சின்னங்களை, சுட்டு வரைந்தார். அப்புறம் உடைந்த பானை, அப்புறம் செயின்சாவால் அறுத்த மரம். 1990களின் கடைசியில்தான் நுசுக்கா பக்கம் ஒரு மூட்டை கண்ணில் பட்டது, உள்ளே முழுக்க மது பாட்டில் மூடி. உடனே ஞானோதயம் எதுவும் வந்துவிடவில்லை. மூட்டை பட்டறையில் கொஞ்ச காலம் சும்மா கிடந்தது. எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடமே அதுதான்.

மூடியைத் தட்டித் தகடாக்கி, அல்லது கழுத்து வளையத்தை மட்டும் வெட்டி நீட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியை விட்டு முறுக்கிப் பக்கத்து மூடியோடு கட்டுவது, அவ்வளவுதான் வேலை. ஊர்ப் பையன்கள் துண்டு துண்டாகக் கட்டித் தருவதைத் தரையில் பரப்பி, அவர் மாற்றி மாற்றி வைத்துப் பார்ப்பார். தூரத்தில் சரிகைப் பட்டு மாதிரி இருக்கும், கிட்டே போனால் சரக்கின் பெயரையே படிக்கலாம். அவர் அப்பா கென்டே என்கிற கானாவின் பலநிறக் கைத்தறித் துணி நெய்தவர். கென்டேயும் இப்படித்தான், சுமார் நாலு அங்குல அகலத்தில் நாடா நாடாவாக நெய்து பக்கவாட்டில் தைப்பது.

இதைக் 'குப்பையிலிருந்து கலை' என்று பாராட்டுகிறவர்களோடு எனக்கு ஒத்துப்போகாது. ஐரோப்பியக் கப்பல்கள் ரம்மை இறக்கிவிட்டு மனிதர்களை அடிமைகளாக ஏற்றிக்கொண்டு போன கரை, அந்த மேற்கு ஆப்பிரிக்கக் கரை. ஏற்றிப்போனவர்களைக் கரும்புத் தோட்டத்தில் வேலை வாங்கினார்கள். அந்தச் சர்க்கரைப் பாகில்தான் ரம் காய்ச்சினார்கள்.

2015-ல் வெனிஸ் பியனாலே கலைக் கண்காட்சியில் வாழ்நாள் சாதனைக்குத் தங்கச் சிங்கம் விருது கொடுத்தார்கள், சரி. நான் சொல்ல வந்தது 2023. லண்டன் டேட் மாடர்ன் கலைக்கூடத்தில், காற்றில் புடைத்த கப்பல் பாய் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டார். முழுக்க மூடி, நடுவே சிவப்பு நிலா. கலைக்கூடத்தின் பெயரில் இருக்கிற அந்த டேட் யார் தெரியுமா? சர்க்கரை ஆலை முதலாளி.